வில்லங்கம் போட்டுப் பார்த்தது

சர்வர் படுத்துவிட்டது. கத்திரி வெயில், பதினோராம் நாள்.
இன்று பதிவே கிடையாது என்று
சார்பதிவாளர் ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள்.
ஜெசிந்தா பிரிண்டருக்குத் துணி போர்த்தினாள்:
ஏசிக்காவது போவோம்டி, ஏதோ இங்கிலீஷ் பேய்ப்படம்.

பேய்ப்படம் இல்லை அது.
பி.ஏ.வில் நான் இரண்டு தடவை அரியர் வைத்த நாவல்.
நானூறு பக்கத்தைத் திருவல்லிக்கேணி நோட்ஸ் கடையில்
பதினாறு பக்கமாக வாங்கிப் படித்தேன்.
அந்தப் பதினாறில் இந்தப் பனி இல்லை.
சதுப்பில் முட்டிவரை புதைந்து நிற்கும் குதிரை இல்லை.
ஒரு வீட்டுக்கு இத்தனை சன்னல் இருக்கலாம் என்றும்
அத்தனையையும் சாத்தியே வைக்கலாம் என்றும்
யாரும் நோட்ஸ் எடுத்திருக்கவில்லை.

சாம்பல் கவுனில் மணப்பெண் வந்து இறங்குகிறாள்.
மாமியார் இல்லை. நாத்தனார் ஒருத்தி இருந்தாளாம்,
கடலோர ஊரில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.
கொடுத்துவைத்தவ என்றாள் ஜெசிந்தா,
பாப்கார்னில் கைவிட்டபடி.

பிரபு பைப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம்
திரையின் மூலையில் எழுத்து வருகிறது:
புகை பிடித்தல் உயிரைக் கொல்லும்.
அந்த வீட்டில் வேறு எதெது கொல்லும் என்று
எழுத்து வரவில்லை.

எனக்குத் தொழில்புத்தி.
மெழுகுவர்த்தியோடு அவள் படியேறும்போது
பக்கத்து சீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்,
நான் தாய்ப்பத்திரத்தைத் தேடுகிறேன்.
வீடு யார் பேரில்? அப்பன் உயில் எழுதினானா?
மகளுக்குப் பங்கு உண்டா?
முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால்
இந்தப் பெண் வண்டியை விட்டே இறங்கியிருக்க மாட்டாள்.

சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.
இடைவேளை.

பிற்பாதியில் ஒரு ராத்திரி.
உறைந்த சன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கமிருந்து,
ஒரு கை அழுந்துகிறது. முகம் கிடையாது.
மற்ற விரல்கள் விலகிய பிறகும்
பெருவிரல் மட்டும் பனியில் தங்கி நிற்கிறது.

இடது கை.

தியேட்டரே அலறியது. ஜெசிந்தா என் முழங்கையைப் பிய்த்தாள்.
எனக்கு அலறல் வரவில்லை, பெயர் வந்தது:
க. மரகதவல்லி, வயது ஐம்பத்தேழு,
கொண்டித்தோப்பு, பழைய கதவு எண் பதினான்கு.
ஆட்டோவில் நடுவில் உட்காரவைத்து
தம்பிகள் இரண்டு பேர் கூட்டி வந்தார்கள். விடுதலைப் பத்திரம்.
'சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் இன்றியும்' என்று
நான்தான் அடித்தேன்.
'இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ
யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்று
நான்தான் அடித்தேன். ஆயிரத்து ஐந்நூறு வாங்கினேன்.
ரேகை மெஷின் வராத காலம், மை டப்பாதான்.
உள்ளே வைத்துவிட்டு வந்து
துடைக்க ஒரு துணி கேட்டாள்.
தம்பிகள் ஜூஸ் கடைக்குப் போய்விட்டிருந்தார்கள்.
நான் அடுத்த பார்ட்டியிடம் ரேஷன் கார்டு நகல் கேட்டுக்கொண்டிருந்தேன்.
விரலை என் மேசையின் அடிவிளிம்பில்
இழுத்துவிட்டுப் போனாள்.
இன்னும் இருக்கிறது. கால்மேல் கால் போட்டால்
முட்டியில் இடிக்கும் இடம்.

பின்தொடர்ச்சி.
ஒரு நாளைக்கு ஆறு தடவை அடிக்கிற சொல்.
அது தமிழ் என்பதே இன்றைக்குத்தான் உறைத்தது.

படம் எப்படி முடிந்தது என்று கேட்டால்
சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
விளக்கை எடுத்துக்கொண்டு அவள் சதுப்பில் இறங்கி நடந்தாள்.
அப்ப அந்த வீடு? என்றாள் ஜெசிந்தா.
பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன,
நூறு, நூற்றைம்பது பெயர்,
ஒருவர் விடாமல் எழுதியிருந்தார்கள்.

வெளியே மவுண்ட் ரோடு கொதித்தது.
குளிரிலிருந்து வந்ததால்
என் மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் பனித்துப்போனது.
துடைக்கப் பெருவிரலைத் தூக்கியவள்
அப்படியே நின்றேன்.
பஸ் நம்பரை ஜெசிந்தாதான் படித்துச் சொன்னாள்.